விளையாட்டு நிலையத்தின் வாசலில் ஒரு கடதாசி



பனிக்காலம் தொடங்கிவிட்டால் பார்க் எக்ஸ்டென்ஷனிலும் கோட்-டெ-நேஜிலும் உள்ள எங்கள் சிறிய தொடர்மாடி வீடுகளில் பிள்ளைகள் அடைபட்டுப் போகிறார்கள். ஓடினால் கீழ்வீட்டுக்காரர் தட்டுகிறார். இந்த நேரத்தில்தான் வகுப்புத் தோழனின் பிறந்தநாள் அழைப்பு வரும். இடம் உள்ளரங்க விளையாட்டு நிலையம். பிள்ளைக்குப் பெரிய கொண்டாட்டம். பெற்றோருக்கோ வாசலிலேயே ஒரு கடதாசி காத்திருக்கிறது.

பிரெஞ்சில் அச்சடித்த அந்தக் கடதாசியில், 'இங்கே காயம் ஏற்பட்டால் நிலையம் பொறுப்பல்ல' என்ற கருத்தில் ஒரு வரி இருக்கும். பின்னால் வரிசை நிற்கிறது, பிள்ளை கையை இழுக்கிறது, நாமும் கையொப்பம் வைத்துவிடுகிறோம். பிறகு பிள்ளை விழுந்து கையை முறித்தால், 'நாங்கள்தானே கையொப்பம் வைத்தோம், இனி என்ன கேட்பது' என்று பேசாமல் இருந்துவிடுகிறோம். எம்மவர் பலர் அறியாத விடயம் இதுதான்: கியூபெக்கில் அந்த வரிக்கு அவ்வளவு பலம் கிடையாது.

1994 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள கியூபெக் சிவில் சட்டக்கோவையின் 1474 ஆம் பிரிவின்படி, ஒருவர் தம்மால் இன்னொருவரின் உடலுக்கு ஏற்பட்ட பாதிப்புக்கான பொறுப்பை முன்கூட்டியே எழுதி வாங்கிக் கழற்றிவிட முடியாது. 1978 இல் நிறைவேறிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 10 ஆம் பிரிவும், வியாபாரி தன் செயலின் விளைவிலிருந்து தன்னை விடுவித்துக்கொள்ளும் நிபந்தனையைத் தடைசெய்கிறது. இதனால் ஒவ்வொரு விழுகைக்கும் நட்டஈடு கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. நிலையத்தின் தவறு காட்டப்பட வேண்டும். கிழிந்த வலை, கழன்ற ஆணி, துடைக்காத ஈரத்தரை போன்றவை தவறுகள். பிள்ளை தானே ஓடித் தடுக்கி விழுந்தது வேறு.

ஆகவே விபத்து நடந்தால் முதலில் பிள்ளையைப் பாருங்கள். பிறகு அந்த இடத்தைப் படம் எடுங்கள். பொறுப்பாளரிடம் நடந்ததை எழுத்தில் பதியச் சொல்லி ஒரு பிரதி கேளுங்கள். கண்டவர் ஒருவரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கென்று போவதானால் பொதுவாக 3 ஆண்டுக் காலம் உண்டு. வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவி அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

இன்னொரு மயக்கமும் எம்மவரிடம் உண்டு. விளையாட்டு நிலையம் பிள்ளை பராமரிப்பு நிலையம் அல்ல. பராமரிப்பு நிலையத்தில் 18 மாதத்துக்குக் குறைந்த 5 குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 4 வயது வரை 8 பேருக்கு ஒருவர் என்று அரசாங்கம் விதித்திருக்கிறது. விளையாட்டு நிலையத்தில் நிற்கும் பணியாளர் உங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் அல்லர். பெற்றோர் உள்ளே இருக்க வேண்டும், கண் பிள்ளையில் இருக்க வேண்டும்.

எதைக் கவனிப்பது? சின்னப் பிள்ளையை மடியில் வைத்துச் சறுக்குவது பாதுகாப்பு என்று நினைக்கிறோம். உண்மையில் பிள்ளையின் சப்பாத்து சறுக்கின் ஓரத்தில் மாட்டிக்கொள்ள, பெரியவரின் பாரம் கீழே இழுக்க, கால் எலும்பு முறிவது அப்படித்தான். ஏறத் தெரிந்த பிள்ளை தனியாகச் சறுக்கட்டும். ட்ரம்போலினில் ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை மட்டும். பெரிய பிள்ளையும் சின்னப் பிள்ளையும் சேர்ந்து குதித்தால் தூக்கி எறியப்படுவது சின்னதுதான். அடுத்தது எங்களுக்கே உரியது: பஞ்சாயுதம், சங்கிலி, காப்பு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வையுங்கள். கழுத்துச் சங்கிலியும் சால்வையும் ஜக்கெற்றின் கயிறும் வலையிலோ கம்பியிலோ சிக்கினால் கழுத்தை நெரித்துவிடும். தங்கம் தொலைவது அதற்குப் பிறகுதான்.

சுத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் பிள்ளைகளுக்கான உடலியக்கச் சிகிச்சை நிலையங்களின் 6 பந்துத் தொட்டிகளைச் சோதித்து 2019 இல் வெளியிட்ட ஆய்வில், பந்துகளில் 31 வகைப் பக்டீரியாக்கள் இருந்தன. பயந்து வீட்டில் இருக்கச் சொல்லவில்லை. பந்துகளை எப்போது, எப்படிக் கழுவுகிறீர்கள் என்று கேளுங்கள். நேரான பதில் தருகிற இடம் நல்ல இடம். மலசலகூடத்தைப் போய்ப் பாருங்கள், சவர்க்காரம் இருக்கிறதா என்று. வாந்தி, வயிற்றோட்டம் உண்டாக்கும் நோரோ வைரசுக்குக் கைக்குப் பூசும் அல்ககோல் ஜெல் போதாது. சவர்க்காரமும் தண்ணீரும்தான் வேண்டும். பிள்ளைக்கு வயிற்றோட்டமோ காய்ச்சலோ இருந்தால், அழுதாலும் அன்றைக்குக் கூட்டிப் போகாதீர்கள். 2024 இல் மொன்றியலில் சின்னமுத்து பரவியது. அந்தக் கிருமி, நோயாளி போன பின்பும் 2 மணிநேரம் வரை அறைக் காற்றில் நிற்கும். 12 மாதத்திலும் 18 மாதத்திலும் போடும் தடுப்பூசி இங்கே இலவசம். தவறவிட்டவர்கள் சி.எல்.எஸ்.சியில் கேளுங்கள்.

அங்கே விற்கும் உணவில் குறை கண்டால் 311 க்கு அழைத்துச் சொல்லலாம். மொன்றியல் தீவில் உணவகங்களைச் சோதிப்பவர்கள் மாநகரசபையின் பரிசோதகர்கள். காசு, ஒப்பந்தம் சம்பந்தமான குறை என்றால் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகம் இருக்கிறது.

'முறைப்பாடு செய்தால் எங்கள் கேஸ் பாதிக்கப்படுமோ?' என்று ஒரு தாய் எம்மிடம் கேட்டார். இந்தப் பயம் புதிதாக வந்த பல வீடுகளில் இருக்கிறது. ஊரில் சோதனைச் சாவடியில் வாய் திறந்து பட்டவர்கள் நாங்கள். பயம் நியாயமானதே. ஆனால் அகதிக் கோரிக்கையைத் தீர்மானிப்பது குடிவரவு அகதிகள் சபை. ஊருக்குத் திரும்பினால் உங்களுக்கு என்ன ஆபத்து என்பதுதான் அதன் கேள்வி. மாநகரசபைக்கு அழுக்கான குசினியைப் பற்றிச் சொன்னது அந்தக் கேள்விக்குள் வராது.

கடைசியாக, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைக்க: உயிராபத்து என்றால் 911. காயம் பெரிதா சிறிதா என்று தெரியாவிட்டால் 811, இரவும் பகலும் தாதி பேசுவார். பிள்ளைகளுக்கான வைத்தியசாலைகள் இரண்டு: கோட்-சென்ற்-கத்தரின் வீதியில் சென்ற் ஜஸ்தின், வோன்டோம் மெற்றோ அருகே மொன்றியல் சிறுவர் வைத்தியசாலை. பழைய ஆட்கள் அட்வாட்டர் என்று வழி சொல்வார்கள். சிறுவர் வைத்தியசாலை 2015 இல் இடம் மாறிவிட்டது. போகும்போது சுகாதார அட்டையை அல்லது அகதிக் கோரிக்கைக் கடதாசியை எடுத்துச் செல்லுங்கள். அங்கே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

பிள்ளைகள் விளையாடட்டும். கேட்க வேண்டியதை நாம் கேட்போம்.