காக்க வந்த படை யாரை நோக்கி நின்றது?

மாஹிமில் ரயிலேறி மேற்குத் தடத்தில் வடக்கே சென்றால் வசாய் வரும். ஹோல்கரிடம் தோற்றுப் புணேயை விட்டோடிய பேஷ்வா இரண்டாம் பாஜிராவ், 1802 டிசம்பர் 31 அன்று கிழக்கிந்தியக் கம்பெனியோடு உடன்படிக்கை செய்துகொண்ட ஊர் அது. கம்பெனியின் ஆறாயிரம் காலாட்படையினர் அவர் நாட்டில் நிலையாகத் தங்குவர்; அச்செலவுக்கென ஆண்டுக்கு 26 இலட்சம் ரூபாய் வருவாயுள்ள நிலத்தை அவர் விட்டுக்கொடுப்பார்; கம்பெனியைக் கேளாமல் பிற அரசுகளோடு உறவு கொள்ளார். 1818இல் அரசே பறிபோயிற்று. தஞ்சையும் ஆர்க்காடும் இவ்வழியே சென்றவையாதலால் தமிழருக்கு இக்கதை புதிதன்று.

இதனை ஏகாதிபத்தியம் என்றழைக்க நம் இடதுசாரித் தோழர்கள் தயங்குவதில்லை. இதே அளவுகோலை வார்சா உடன்படிக்கையின்மேல் வைக்கும்போதுதான் தயக்கம் பிறக்கிறது. அம்மரபில் படித்து வளர்ந்தவன் என்பதாலேயே இதனை எழுதுகிறேன்.

1955 மே மாதம் மேற்கு ஜெர்மனி நேட்டோவில் சேர்ந்தது. இரண்டு உலகப் போர்களைக் கண்ட நாடுகளுக்கு அது அச்சமூட்டியது உண்மை. அவ்வச்சத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும் நாட்களைக் கவனியுங்கள். மே 14 அன்று எட்டு நாடுகள் வார்சாவில் கையெழுத்திட்டன. மறுநாள் ஆஸ்திரியாவின் விடுதலை ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆஸ்திரியாவில் இருந்த தன் படைகளுக்கு வழித்தடம் காப்பதாகச் சொல்லியே ஹங்கேரியிலும் ருமேனியாவிலும் சோவியத் படை தங்கியிருந்தது. அக்காரணம் மறையும் வேளையில் புதிய காரணம் ஆயத்தமாக நின்றது.

உடன்படிக்கையின் எட்டாம் பிரிவு இறையாண்மையை மதிப்பதாகவும் உள்விவகாரங்களில் தலையிடுவதில்லை என்றும் உறுதி கூறுகிறது. கூட்டுப் படையின் தலைமைத் தளபதியோ இறுதிவரை சோவியத் படைத்தலைவராகவே இருந்தார். 1956 நவம்பர் 1 அன்று ஹங்கேரி விலகுவதாக இம்ரே நாகி அறிவித்தார். நான்காம் நாள் புடாபெஸ்ட்டில் டாங்கிகள் புகுந்தன. 1958இல் நாகி தூக்கிலிடப்பட்டார். 1968இல் செக்கோஸ்லோவாக்கியா விலகவும் கோரவில்லை, உள்நாட்டில் சீர்திருத்தமே தேடியது. கோடையில் கூட்டுப் பயிற்சி என்று வந்த படைகள் புறப்படத் தாமதித்தன. ஆகஸ்ட் 20 இரவு நேச நாடுகளின் படைகளே எல்லை கடந்தன. அக்கூட்டணி ஐரோப்பாவில் நடத்திய மாபெரும் கூட்டுப் படையெடுப்பு தன் உறுப்பு நாட்டின் மீதே நிகழ்ந்தது.

அல்பேனியா விலகியதே என்பர். அதற்குச் சோவியத்தோடும் எல்லையில்லை, பிற உறுப்பு நாடுகளோடும் எல்லையில்லை. மாறாக, 1966இல் நேட்டோவின் படைத் தலைமையமைப்பிலிருந்து பிரான்சு விலகியபோது பாரிசுக்கு டாங்கிகள் வரவில்லை. தலைமையகந்தான் பிரஸ்ஸல்சுக்குப் பெயர்ந்தது. நேட்டோவைப் புனிதமாக்க இதைச் சொல்லவில்லை. விலக இயலுமா என்பதே கூட்டணிக்கும் கட்டுப்பாட்டிற்கும் இடையிலுள்ள வேறுபாடு.

நம் பங்கையும் மறைத்தல் தகாது. 1968இல் பாதுகாப்பு அவையில் அப்படையெடுப்பைக் கண்டிக்கும் தீர்மானம் வந்தபோது இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. அதனை ஏற்காத அசோக் மேத்தா அமைச்சர் பதவியைத் துறந்தார். வசாயில் நேர்ந்ததை நூற்றாண்டாகப் பேசிய தேசம், பிராகாவுக்காக ஒரு வாக்கைத் தரவில்லை.

1991 ஜூலை 1 அன்று அதே பிராகாவில் அவ்வுடன்படிக்கை கலைக்கப்பட்டது. அதைக் காக்க எந்த உறுப்பு நாடும் முன்வரவில்லை. மாற்றுக் கருத்துடைய தோழர்கள் சான்றோடு எழுதுக, கற்றுக்கொள்ள அணியமாயிருக்கிறேன்.