தோப்பை அடமானம் வைத்து ஏரோநாட்டிக்கல்

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பை அடமானம் வைத்து, பையனைக் கோவையில் ஏரோநாட்டிக்கல் சேர்த்துவிட்டு, "பிளேன் ஓட்டப் படிக்கிறானுங்க" என்கிறார்கள். ஓட்டறதுக்கு அது படிப்பே இல்லீங்க! பி.இ. முடித்ததை மட்டும் வைத்து விமானத்தை ஓட்டவும் முடியாது, ரிப்பேர் பார்த்து 'பறக்கலாம்' என்று கையெழுத்துப் போடவும் முடியாது. இரண்டுக்கும் டிஜிசிஏ லைசென்ஸ் தனியாக வாங்கணும். பைலட் லைசென்ஸுக்கு பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் போதும். அப்புறம் 200 மணி நேரம் பறக்கணும், அதற்கே பல லட்சம் (மிச்சத் தோப்பும் காலி).

அந்த லைசென்ஸ் வைத்திருந்தவர்களே 2012-ல் கிங்ஃபிஷர், 2019-ல் ஜெட் ஏர்வேஸ், 2023-ல் கோ ஃபர்ஸ்ட் நின்றபோது சம்பளம் வராமல் தவித்தார்கள். ஏரோநாட்டிக்கல் டிகிரி டிசைன் வேலைக்கு உதவும். அது பெங்களூரு எச்ஏஎல் மாதிரி சில இடங்களில்தான். அங்கேயும் மெக்கானிக்கல்காரன் போட்டிக்கு வருவான். இதையெல்லாம் கல்லூரி பேனரில் போடுவாங்களா? பைலட் தொப்பி போட்ட பையன் படத்தைத்தான் போடுவாங்க.