சாவியைக் கொடுத்தது யார்?

சென்ற மாதம் மயிலாப்பூரில் ஒரு கல்யாண ரிசப்ஷன். என் பக்கத்து நாற்காலியில் பாதாம் கீர் குடித்துக்கொண்டிருந்த பெரிய மனிதர், தம் குமாரனின் பிரதாபத்தை எடுத்துரைத்தார்.

"பிளஸ் ஒன்தான் படிக்கிறான் ஸார். ஆனா ஸ்கூட்டர் ஓட்டற அழகை நீங்க பார்க்கணும். தீபாவளிக் கூட்டத்திலே உஸ்மான் ரோடிலே காலைத் தரையிலே ஊணாமல் வந்துடுவான்!"

"லைஸென்ஸ்?" என்றேன்.

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். கதை எழுதுகிறவனுக்கு லோக விவகாரம் எங்கே புரியப்போகிறது என்ற இரக்கம். "பதினெட்டு முடிஞ்சா டிரைவிங் ஸ்கூல்காரன் கிட்டே ஒரு வார்த்தை சொன்னாப் போச்சு. அதெல்லாம் ஒரு பரீட்சையா ஸார்?"

அந்தக் கடைசி வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை.

மயிலாப்பூரும் தியாகராய நகரும் அடையாறும் பரீட்சையைக் குலதெய்வமாகக் கும்பிடுகிற பூமி. மீசை அரும்பாத பையனை விடியற்காலை ஐந்தரைக்கு எழுப்பி, ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்கென்று டியூஷனுக்குத் துரத்துகிறோம். கணக்கில் இரண்டு மார்க் குறைந்தால் வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருக்கிறது. விடைத்தாளை மறுபடி திருத்தச் சொல்லிப் பணம் கட்டுகிறோம். இப்படிப்பட்ட நாம், ஒரே ஒரு பரீட்சையை மட்டும், பையன் படிக்காமலே யாராவது பாஸ் போட்டுக் கொடுத்தால் போதும் என்கிறோம். மற்றப் பரீட்சையில் தவறினால் பையனுக்கு ஒரு வருஷம் நஷ்டம். இதில் தவறினால் நஷ்டப்படுவது முன்பின் தெரியாத இன்னொரு வீடு. அதனால்தான் நமக்கு அது பரீட்சையாகத் தோன்றவில்லை போலும்!

"பதினாறு வயதுக்குச் சட்டத்திலேயே இடமிருக்கிறதே" என்று வாதிக்கிறவர்கள் உண்டு. இருக்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் பதினாறு வயதுக்கு அனுமதிப்பது 50 சி.சி.க்கு மேற்படாத எஞ்சின் உள்ள வண்டியை. அதுவும் லைஸென்ஸோடு, பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதத்தோடு. 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 புறப்பட்டு வந்ததே, அந்தக் காலத்து நியாயம் அது. மிதித்துக் கிளப்பி, மேட்டில் மூச்சு வாங்கும் வண்டி. இன்று நீங்கள் பிள்ளைக்குச் சாவி கொடுக்கும் ஸ்கூட்டர் 110 சி.சி., 125 சி.சி. பழைய சலுகையைக் காட்டிப் புதிய வண்டியை ஓட்டுவது, குழந்தைக்கு அரை டிக்கெட் எடுத்துத் தகப்பன் பிரயாணம் செய்கிற மாதிரி.

2019-ல் சட்டத்தைத் திருத்தி 199-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பதினெட்டு நிறையாதவன் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோரோ வண்டிக்குச் சொந்தக்காரரோ குற்றவாளி என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும். மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைஸென்ஸ் கிடையாது. எனக்குத் தெரியாமல் எடுத்துப் போனான் என்று நிரூபித்தால் தகப்பன் தப்பலாம். பாதாம் கீர்க்காரர் அந்த வழியையும் கல்யாணச் சத்திரத்தில் பத்துப் பேர் முன்னிலையில் அடைத்துக்கொண்டுவிட்டார்.

புனாவில் 2024 மே மாதம் நடந்ததை எல்லோரும் படித்தோம். பதினேழு வயதுப் பையன் ஓட்டியதாக வழக்கு, போர்ஷே கார், வாழ்க்கையைத் தொடங்கியிருந்த இரண்டு இளம் எஞ்சினீயர்கள் மாண்டார்கள். முதலில் கிடைத்த ஜாமீனுக்கு ஒரு நிபந்தனை, விபத்துக்களைப் பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுத வேண்டும் என்பது. தேசமே கொதித்த பிறகு அந்த உத்தரவு மாறியது, தகப்பனாரும் கைதானார். கட்டுரை எழுதியே ஜீவனம் நடத்துகிறவன் நான். என் தொழிலுக்கு இதைவிடப் பெரிய அவமானம் நேர்ந்து நான் பார்த்ததில்லை. அன்று நாமெல்லோரும் அந்தப் பணக்காரத் தகப்பனைத் திட்டினோம். திட்டிவிட்டு, மாவு வாங்கி வரச் சொல்லிப் பையனிடம் சாவியைக் கொடுத்தோம்.

நானும் கொடுத்தவன்தான். மறைப்பானேன்?

ஆறு வருஷத்துக்கு முன் என் அக்காவின் பிள்ளை லீவுக்கு வந்திருந்தான். பதினாறு வயது. காப்பிப் பொடி தீர்ந்திருந்தது. நான் ஒரு கதையின் முடிவில் மாட்டிக்கொண்டிருந்தேன். "மாமா, நான் போய் வாங்கிண்டு வரேனே" என்றான். எழுதிக்கொண்டே இடது கையால் சாவியை நீட்டினேன், தலையைக்கூட நிமிர்த்தவில்லை. மாட வீதித் திருப்பத்தில், கூடையைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்த பூக்காரக் கிழவி மேல் மோதினான். இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது அவள் சொன்னாள்: "பள்ளிக்கூடத்துப் புள்ளயாமே? போலீசு கீலீசுன்னு போயிடாதீங்க சாமி. அது படிப்பு கெட்டுப் பூடும்."

போலீசுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டினேன். மேலும் கொஞ்சம் கொடுத்தேன். என் மரியாதையும் பையனின் படிப்பும் அந்தக் கிழவியின் தயவில் தப்பின. அவள் மறுபடி அந்தத் திருப்பத்தில் உட்காரவேயில்லை, மருமகள்தான் உட்காருகிறாள். என் மனைவி கபாலி கோயிலுக்கு வேறு தெரு வழியாகப் போகிறாள்.

அந்தக் கதையை முடித்தேன், அச்சிலும் வந்தது. நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்.

ஒரு தாயாரின் வாதத்துக்கு மட்டும் என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. பெண்ணுக்கு டியூஷன் முடிய இரவு எட்டரை ஆகிறது. "பஸ்ஸிலே அவ படற அவஸ்தை உங்களுக்குத் தெரியுமா? டிக்கெட் இல்லாமல் போகலாம்னு சட்டம் போட்டாச்சு. மேலே கை படாமல் போகலாம்னு யார் போட்டா?" என்று அந்த அம்மாள் கேட்டாள். நியாயமான பயம். அந்தப் பயத்துக்காகப் பதினைந்து வயதுப் பெண்ணை உஸ்மான் ரோடுக்கு அனுப்புவது நியாயமில்லை. ஆனால் அதைச் சொல்கிற யோக்கியதை, பெண்ணை எட்டரை மணி வரை உட்கார்த்திவைக்கும் வாத்தியார்களையும், வாத்தியாரிடம் நேரத்தை மாற்றச் சொல்லாத தகப்பன்மார்களையும் கேட்ட பிறகுதான் நமக்கு வரும். அதே தகப்பன்மார்கள், அந்தப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயதாகிக் காரோட்டக் கற்றுக்கொள்கிறேன் என்றால், "உனக்கெதுக்கு? டிரைவர் வெச்சுக்கலாம்" என்பார்கள். பதினைந்தில் கேளாமல் கொடுப்பது, பத்தொன்பதில் கேட்டால் மறுப்பது. இது என்ன தர்மம்?

டிரைவிங் ஸ்கூலை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? கார் கற்க 21 நாள் பயிற்சி, அதில் குறைந்தது 10 மணி நேரம் கையில் ஸ்டியரிங் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அந்தப் பத்து மணி நேரத்தை எண்ணிப் பார்த்த தகப்பன் யாராவது உண்டா? டியூஷன் வாத்தியார் அரைமணி முன்னதாக எழுந்துவிட்டால் போன் செய்கிறவர்கள் நாம்! நான் தொண்ணூறுகளின் கடைசியில், காரைப் பின்னால் எடுக்கவே தெரியாமல் லைஸென்ஸ் வாங்கியவன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பயிற்சிக்காரர் காலடியில் இன்னொரு பிரேக் இருந்தது; பரீட்சை எழுதியது அவர் கால். வீட்டில் அதற்குப் பால்பாயசம் வைத்தார்கள்.

ஸிட்னியில் என் ஒன்றுவிட்ட தம்பி இருக்கிறான். அந்த மாகாணத்தில் 25 வயதுக்குட்பட்டவர்கள் பரீட்சைக்குப் போகுமுன், லைஸென்ஸ் உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 120 மணி நேரம் ஓட்டிக் கணக்குப் புஸ்தகத்தில் எழுத வேண்டும். அதில் 20 மணி இரவில். அவன் இங்கே அடையாற்றில் இருந்த காலத்தில் எதற்கும் நேரமில்லாதவன். அங்கே பெண்ணின் பக்கத்தில் ஞாயிறு தோறும் உட்காருகிறான். இங்கே நாம் சாவியைக் கொடுக்கிறோம், அல்லது மறுக்கிறோம். உட்காருகிறவன் யாரும் இல்லை.

என் பெண்ணுக்கு இப்போது பதினெட்டு முடிந்திருக்கிறது. எல்.எல்.ஆர். வாங்கியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு காந்தி நகர்ப் பக்கம், எல் எழுத்து ஒட்டிய வண்டியில் அவள் பக்கத்தில் உட்காருகிறேன். எஞ்சின் நாலு தரம் அணைகிறது. பின்னாலிருப்பவன் ஹாரன் அடிக்கிறான். எனக்கு அடிவயிறு கலங்குகிறது. கணக்கு எழுதுகிறேன். நேற்றோடு 23 மணி.

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுக் கோபமாகக் கடிதம் எழுதப் போகிறவர்கள் தாராளமாக எழுதலாம். கடிதத்தைத் தபாலில் சேர்க்க ஸ்கூட்டரில் போகிறவனின் வயதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.