காய்ச்சல் வலிப்பு மீண்டும் வருமா?

காய்ச்சலில் வலிப்பு கண்ட குழந்தையுடன் நள்ளிரவில் ஆட்டோவில் வந்திறங்கும் பெற்றோரை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். பெரும்பாலும் அதற்குள் குழந்தை விழித்து அழுதுகொண்டிருக்கும். கையில் சாவிக்கொத்து ஒன்று திணிக்கப்பட்டிருக்கும். (வலிப்பு தானாகவே நிற்கிறது, பெயர் சாவிக்குப் போய்விடுகிறது.) மறுநாள் எழும் கேள்வி ஒன்றே: "டாக்டர், இது திரும்பவும் வருமா?"

வரலாம் என்பதே நேர்மையான விடை. 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள பருவத்தில் வரும் இவ்வலிப்பு, ஏறத்தாழ மூன்றில் ஒரு குழந்தைக்கு மீண்டும் வருகிறது. முதல் பிறந்தநாளுக்கு முன்பே வந்திருந்தால் வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இது வந்திருந்தாலும், காய்ச்சல் மிதமாக இருக்கையிலேயே வலிப்பு கண்டிருந்தாலும் வாய்ப்பு கூடும்.

"பயப்பட ஒன்றுமில்லை" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிடும் வழக்கம் மருத்துவர்களாகிய எங்களிடம் உண்டு. அது போதாது என்பதே எங்கள் கருத்து. அப்படி வீடு திரும்பிய தாய் தெர்மாமீட்டரும் கையுமாக இரவெல்லாம் விழித்திருக்கிறார், தடுப்பூசியைத் தள்ளிப்போடுகிறார். பாரசிட்டமால் குழந்தையின் உடல்நோவைத் தணிக்கும். ஆனால் வலிப்பு மீண்டும் வருவதை அது தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆகவே மறுபடி வலிப்பு வந்தால், அது சற்றுக் கண்ணயர்ந்த தாயின் குற்றமன்று.

அன்றாடம் கொடுக்க மாத்திரை கேட்போரும் உண்டு. எளிய காய்ச்சல் வலிப்புக்குத் தடுப்பு மருந்து எதையும் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி 2008-இல் பரிந்துரைக்கவில்லை. காய்ச்சல் நாட்களில் மட்டும் தரும் குளோபசாம், அடிக்கடி வலிப்பு வரும் சில குழந்தைகளுக்குப் பயன்படலாம். தூக்கக் கலக்கமும் தள்ளாட்டமும் கூடவே வரும்.

பெற்றோருக்கு உண்மையில் வேண்டியது அந்த ஐந்து நிமிடங்களுக்கான தெளிவு. குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் கரண்டியோ தண்ணீரோ வேண்டாம். ஐந்து நிமிடம் கடந்தால் 108-ஐ அழையுங்கள். மாலை நேர எல்.பி. சாலை நெரிசலில் ஆம்புலன்ஸ் தாமதிக்கலாம்; ஆகவே, மருத்துவர் எழுதித் தந்திருந்தால், மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்ப்ரேயை அப்போதே கொடுங்கள். அம்முறையைத் தாய்க்கு மட்டுமன்றிப் பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கும் செய்துகாட்ட நாங்கள் கடமைப்பட்டவர்கள். காட்டாவிட்டால் கேளுங்கள்.

ஒரே நாளில் இருமுறை வந்தாலோ, உடலின் ஒரு பக்கம் மட்டும் இழுத்தாலோ, வலிப்பு நின்றபின்னும் தெளிவு திரும்பாவிட்டாலோ உடனே அழைத்து வாருங்கள். அருகில் இன்னொருவர் இருந்தால் கைபேசியில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். அந்த அரை நிமிடக் காட்சி எங்களுக்குப் பல கேள்விகளை மிச்சப்படுத்தும்.