குயவர் கொடுத்த மண்



சில நாள்களாக ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் என் மேசையிலேயே கிடக்கிறது. பன்னிரண்டு பேர் வரிசையாக நின்று பாடுகிறார்கள். உயரம் படிப்படியாகக் குறைந்துகொண்டே வருகிறது. சற்றுத் தள்ளி வைத்துப் பார்த்தால் அவர்களே ஒரு யாழின் நரம்புகள். யாழைத் தாங்குவது கடவுளின் கை. 16 அடி உயரமான இந்தச் சிற்பத்தை 1939 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்தவர் அகஸ்டா சாவேஜ்.

இன்று அந்தச் சிற்பம் இல்லை. பிளாஸ்டரில் செய்து கருங்கல் போல வண்ணம் பூசியது அது. வெண்கலத்தில் வார்க்கப் பணமில்லை, எடுத்து வைக்கவும் வழியில்லை. கண்காட்சி முடிந்ததும் இடித்துவிட்டார்கள்.

அகஸ்டா 1892-இல் ஃபுளோரிடாவில் பிறந்த கறுப்பினப் பெண். சிறுமியாகக் களிமண்ணில் வாத்து பிடித்து விளையாடுவார். போதகரான அப்பாவுக்கோ உருவம் செய்வது பாவம், அடி விழும். பிறகு குடிபோன ஊரில் நல்ல களிமண்ணே இல்லை. உள்ளூர்க் குயவர் ஒருவரிடம் கேட்டு வாங்கினார். அந்த மண்ணில் செய்த பொம்மைகள் மாவட்டக் கண்காட்சியில் பரிசு வாங்கித் தந்தன.

1921-இல் நியூயார்க் வந்தபோது கையில் இருந்தது 4 டாலர் 60 சென்ட். கூப்பர் யூனியன் கல்லூரியின் நான்காண்டுக் கலைப் படிப்பை மூன்றே ஆண்டில் முடித்தார். 1923-இல் பிரான்சில் ஒரு கோடைக்காலப் பள்ளிக்கு விண்ணப்பித்தார். கறுப்பர் என்று தெரிந்ததும் அமெரிக்கத் தேர்வுக்குழு இடம் மறுத்தது. அவர் வாய்மூடி இருக்கவில்லை; செய்தி பத்திரிகைகளில் வெடித்தது. பின்னாளில் அவரைப் பாரிஸுக்கு அனுப்பிவைத்தது, சாய்ந்த தொப்பி போட்ட ஒரு தெருப் பையனின் மார்பளவுச் சிலை. வெண்கலம் போலத் தெரிய அந்தப் பிளாஸ்டர் சிலைக்கு அவர் பூசியது ஷூ பாலிஷ்!

திரும்பி வந்து நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கலைக்கூடம் திறந்தார். அங்கு வந்துபோன இளைஞர்களில் ஒருவர் ஜேக்கப் லாரன்ஸ். அரசின் கலைத் திட்டத்தில் வேலை வாங்கித் தர அவரை அழைத்துப் போனார் அகஸ்டா. வயது போதவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். 21 வயது நிறைந்ததும் மறக்காமல் மறுபடி அழைத்துப் போய்ச் சேர்த்துவிட்டார். சில ஆண்டுகளில், தென் மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் வடக்கே குடிபெயர்ந்த கதையை 60 ஓவியங்களாகத் தீட்டினார் லாரன்ஸ். அவை இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

தன் நினைவுச்சின்னம் மாணவர்களின் படைப்புகளில்தான் இருக்கும் என்பார் அகஸ்டா. கண்காட்சித் திடலில் யாழ் உடைந்தபோது அவருக்கு வலித்திருக்காதா என்ன? ஆனால் கேட்டு வாங்கிய மண்ணை அவர் அதற்குள் பல கைகளுக்குக் கொடுத்துவிட்டிருந்தார்.

உங்கள் கையில் முதன்முதலில் மண்ணோ, தூரிகையோ, பேனாவோ கொடுத்தவர் யார்? எழுதுங்கள். அடுத்த இதழில் அவர்களுக்கு இடம் ஒதுக்கி வைக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்