நீல பாட்டில் வைத்தியம்

வீட்டுத் தொட்டியில் இருக்கிற வண்ண மீனுக்கு உடம்பு சரியில்லை என்றால் நம்ம ஊரில் என்ன நடக்கும்? நேரா மீன் கடைக்குப் போவோம். "அண்ணே, மீனு மேலயே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது." அவர் நிமிர்ந்துகூட பார்க்காமல் நீல பாட்டிலை எடுத்து வைப்பார். "பத்து சொட்டு ஊத்துங்க தம்பி, சரியாயிடும்." தொட்டி எத்தனை லிட்டர், எத்தனை மீன், கடைசியா எப்போ தண்ணி மாத்தினீங்க... ஒரு கேள்வி கிடையாது. மனுஷனுக்கு இப்படி ஒரு டாக்டர் வைத்தியம் பார்த்தால் சும்மா விடுவோமா?

நான் சொல்ல வருவது இதுதான்: வீட்டுத் தொட்டிகளில் பெரும்பாலான நேரம் நோய் மீனுக்கு இல்லை, தண்ணீருக்கு. நாம் மருந்து கொடுப்பதோ மீனுக்கு.

கொஞ்சம் விளக்கமாகவே பார்ப்போம். மீன் தன் செவுள் வழியாக அமோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. அது விஷம். நல்ல பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான், ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றிய பிறகுதான் ஆபத்து குறையும். புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக் கூட்டம் தானாக உருவாக சுமாராக 4 முதல் 6 வாரம் ஆகும். நாம என்ன பண்றோம்? காலையில் தொட்டி வாங்கி, சாயங்காலமே அதில் எட்டு கோல்ட் ஃபிஷ்ஷை விடுகிறோம். ஒரு வாரத்தில் அது மூச்சு வாங்குகிறது. உடனே நீல பாட்டில். அந்த மெத்திலீன் ப்ளூ, ஃபில்டரில் அப்போதுதான் தலைதூக்கும் பாக்டீரியாவையும் சேர்த்து ஒழித்துக் கட்டும். அமோனியா இன்னும் ஏறும். இதுக்குப் பேர் வைத்தியமாம்!

இதைவிடக் கொடுமை ஞாயிற்றுக்கிழமை சடங்கு. மீனை வாளியில் போட்டுவிட்டு, தொட்டியை மொத்தமாகக் காலி பண்ணி, கல்லையும் ஃபில்டர் ஸ்பாஞ்சையும் குழாயடியில் வைத்துத் தேய் தேய் என்று தேய்ப்பது. ஸ்பாஞ்சில் இருக்கும் பழுப்பு அழுக்கில்தான் அந்த பாக்டீரியாவே குடியிருக்கிறது! குழாய்த் தண்ணீரின் குளோரின் அதைக் கொன்றுவிடும். சுத்தம் சோறு போடும் என்பதெல்லாம் சரி, இந்த மாதிரி சுத்தம் மீனுக்குப் பால்தான் ஊற்றும்.

சரி, நிஜமாகவே நோய்தான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதாவது எந்த நோய் என்று பார்க்கிறோமா? "வெள்ளையா இருக்கு" என்பதுதான் நம்ம டயக்னோஸிஸ். உப்பைத் தூவினது மாதிரி புள்ளிகள் இருந்தால் அது ஒட்டுண்ணியால் வரும் ஒயிட் ஸ்பாட். வாயைச் சுற்றிப் பஞ்சு மாதிரி இருந்தால் பூஞ்சை என்கிறோம். பல நேரம் அது காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோய். ஒயிட் ஸ்பாட்டுக்கு வெப்பத்தைக் கூட்டுவது உதவும், காலம்னாரிஸுக்கோ அதுவே எமன். இன்னொரு காமெடி கேளுங்க. ஆண் கோல்ட் ஃபிஷ்ஷுக்கு இனப்பெருக்கக் காலத்தில் செவுள் மூடியிலும் மார்புத் துடுப்பிலும் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் வரும். நோயே இல்லை, அய்யா வயசுக்கு வந்திருக்கார், அவ்வளவுதான். அதுக்கும் மருந்து ஊற்றுகிறவர்கள் உண்டு.

ஒயிட் ஸ்பாட்டில் இன்னொரு விஷயம். புள்ளியாகத் தோலுக்குள் இருக்கும்போது அந்த ஒட்டுண்ணியை மருந்து தொடாது. அது கீழே விழுந்து, நூற்றுக்கணக்கில் பெருகி, புது மீனைத் தேடி நீந்தும் கட்டத்தில்தான் சாகும். அதனால் புள்ளி மறைந்த பிறகும் சில நாள் மருந்தைத் தொடரவேண்டும். நாம் புள்ளி மறைந்ததும் நிறுத்துகிறோம். அடுத்த வாரம் திரும்ப வருகிறது. "மருந்து டூப்ளிகேட்" என்று திட்டுகிறோம்.

அடுத்தது ஆன்டிபயாடிக். மெடிக்கல் ஷாப்பில் டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூல் வாங்கி, உடைத்து, தொட்டியில் கொட்டுவது. எத்தனை லிட்டருக்கு எவ்வளவு என்ற கணக்கே கிடையாது. அரைகுறை அளவில் தப்பிப் பிழைக்கும் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். அந்தத் தண்ணீர் கடைசியில் சாக்கடைக்குத்தான் போகிறது. மீனிடமிருந்து மனிதனுக்குத் தொற்றும் மைக்கோபாக்டீரியம் மரைனம் போன்ற கிருமிகளும் தொட்டிகளில் இருக்கலாம், கையில் காயத்தோடு தொட்டிக்குள் கை விட்டால் தோலில் ஆறாத கட்டி வரும். இது விளையாட்டு இல்லை சாமி.

"இருபது ரூபா மீனுக்கு இவ்வளவு அலட்டலா?" என்று கேட்பார்கள். இருபது ரூபாய் என்பது மீனின் விலை, மூச்சு முட்டுகிற வேதனையின் விலை இல்லை. அப்புறம், செத்துச் செத்து நாலு தடவை வாங்கினால் அது இருபது ரூபாயும் இல்லை.

"கடைக்காரருக்கு இருபது வருஷ அனுபவம்" என்பது அடுத்த வாதம். அனுபவத்தை மறுக்கவில்லை. கொளத்தூர் பக்கம் மீன் வளர்ப்பையே குடும்பத் தொழிலாகச் செய்கிறவர்களுக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட நமக்குத் தெரியாது. ஆனால் மீன் விற்பவர், மருந்து விற்பவர், செத்தால் மறு மீன் விற்பவர் எல்லாம் ஒரே ஆள். கணக்கு எழுதுகிறவரே ஆடிட்டும் பண்ணக்கூடாது என்று எங்களுக்கு ஆடிட்டிங் பேப்பரில் முதல் பாடமே அதுதான்.

அப்போ என்னதான் பண்றது? மீன் சோர்ந்தால் முதல் வேலை, அமோனியா, நைட்ரைட் டெஸ்ட் கிட்டை எடுப்பது. இரண்டாவது, குளோரின் நீக்கிய தண்ணீரில் கால்வாசி மாற்றுவது. ஃபில்டர் ஸ்பாஞ்சைத் தொட்டியில் எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசுவது. புது மீனை இரண்டு, மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டுச் சேர்ப்பது. இத்தனையும் பார்த்தபிறகும் சரியாகவில்லை என்றால், அறிகுறியைக் கவனித்து, நோயின் பெயர் தெரிந்து, அதற்கான மருந்து. கடைசியாகத்தான் மருந்து, முதலில் அல்ல.

கடைக்காரரிடம் "இது எந்த நோய்க்கு அண்ணே?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

டிஸ்கி: நான் மீன் டாக்டர் இல்லீங்க, வெறும் பி.காம். ஆனா நோயே தெரியாம மருந்து விக்கறது தப்புன்னு சொல்ல டாக்டர் பட்டம் எதுக்கு?