ஒரு நாள் விலையும் ஓராண்டு விலையும்

மாலை வேளையில் மாம்பலம் ரயில் நிலையத்தின் மேற்குப் புறமாக இறங்கி ஆர்யகவுடா சாலையை நோக்கி நடப்பவர்கள் ஒரு காட்சியைத் தவறாமல் காண்பர். காய்கறிக் கடைகளின் முன்னே சிறு பலகைகளில் தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் விலை சாக்குக்கட்டியால் எழுதப்பட்டிருக்கும். காலையில் எழுதிய எண்ணை மாலையில் விரலால் அழித்து, வேறோர் எண்ணை எழுதுவதும் உண்டு. வாங்க வந்தவர்கள் முணுமுணுப்பர். "கோயம்பேட்டு விலை அப்படி; நான் என்ன செய்யட்டும்?" என்பார் கடைக்காரர். அவர் சொல்வது பொய்யன்று. நள்ளிரவுக்குப் பின் கோயம்பேட்டில் எத்தனை லாரிகள் வந்து நின்றன என்பதைப் பொறுத்தே மேற்கு மாம்பலத்து வீடுகளின் குழம்புச் செலவு முடிவாகிறது.

அப்பலகையைப் பார்த்து வருந்துவோர் நகரத்தில் பலர். ஆனால் அதன் மறுமுனையில் நிற்கும் பயிரிடுவோரைப் பற்றி எண்ணுவோர் மிகச் சிலரே. பலகையில் விலை ஏறினால் அவருக்கு லாபம் என்று நகரத்தார் கருதுகின்றனர். வருந்தத்தக்கது யாதெனில், நம் அங்கத்தினர்களுள் பலரும் அவ்வாறே கருதுகின்றனர் என்பதுதான்.

இச்சாலையின் பெயரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நீலகிரியின் படகர் தலைவராக விளங்கிய ராவ்பகதூர் அரிக் கௌடர் அவர்களின் பெயரே இதற்கு இடப்பட்டது என்று இப்பகுதிப் பெரியோர் கூறுவர். மலையில் உருளைக்கிழங்கு விளைவித்தவர்கள் மேட்டுப்பாளையம் மண்டிக்காரர்களிடம் முன்பணம் பெற்று, அதனால் அவர்கள் சொன்ன விலைக்கே சரக்கை விட வேண்டியிருந்த காலம் அது. அந்நிலையை மாற்ற எழுந்ததே 1935ஆம் ஆண்டில் தோன்றிய நீலகிரிக் கூட்டுறவு விற்பனைச் சங்கம். அதற்காக உழைத்தவர்களுள் முதன்மையானவர் அரிக் கௌடர். அதே 1935ஆம் ஆண்டில்தான் நம் நெசவாளர்களின் தலைமைச் சங்கமாகிய கோ-ஆப்டெக்ஸும் பிறந்தது. பயிரிடுவோரும் நெய்வோரும் ஒரே ஆண்டில் ஒரே முடிவுக்கு வந்தனர் என்பது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் இரு சாராரையும் அங்கு கொண்டு சேர்த்த துன்பம் ஒன்றே. தான் விளைத்ததற்கும் நெய்ததற்கும் தான் விலை சொல்ல இயலாமையே அத்துன்பம்.

இனி, அன்றாட விலை எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதைச் சற்று ஆராய்வோம்.

2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் சென்னையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வரும் வரத்து குறைந்ததே காரணம். அரசு தலையிட்டு, பண்ணை பசுமைக் கடைகளிலும், சென்னையில் 82 நியாயவிலைக் கடைகளிலும் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க ஏற்பாடு செய்தது. அவை கூட்டுறவின் வழியே நடக்கும் கடைகள் என்பதை நம் வாசகர்கள் அறிவர். இரண்டு மாதம் கழிந்தது. செப்டம்பரில் அதே தக்காளி சில மொத்தச் சந்தைகளில் கிலோ பத்து ரூபாய்க்கும் கீழே இறங்கி, பறிகூலிக்கும் கட்டாது என்ற நிலைக்கு வந்தது.

நூறு ரூபாய் விற்ற நாளில் லாபம் கண்டவர் எத்தனை பேர்? அன்று தோட்டத்தில் பழம் வைத்திருந்தவர் மட்டுமே. அத்தகையோர் சிலராக இருந்தமையால்தான் விலையே நூறுக்கு ஏறியது. பெரும்பாலோரிடம் சரக்கு இல்லாத நாளின் விலையைத்தான் நாம் உயர்ந்த விலை என்று சொல்லி மகிழ்கிறோம். எல்லோரிடமும் சரக்கு இருக்கும் நாளில் அந்த விலை இருப்பதில்லை.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஒருவர் விலை ஏறிய காலத்தில் கூடை ஆயிரம் ரூபாய் வீதம் பத்துக் கூடையும், இறங்கிய காலத்தில் கூடை நூறு ரூபாய் வீதம் நூறு கூடையும் விற்றார் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரத்தையும் நூறையும் கூட்டி இரண்டால் வகுத்து, சராசரி 550 ரூபாய் என்று அவர் மனம் கணக்கிடும். உண்மையில் அவர் கைக்கு வந்தது 110 கூடைக்கு 20,000 ரூபாய். கூடைக்கு ஏறத்தாழ 182 ரூபாய்தான். அவர் நினைவில் நிற்பது ஆயிரம் ரூபாய் நாள். அவர் குடும்பம் உண்பதோ நூறு ரூபாய் நாளின் வருவாயை. ஆதலால், விலை இறங்கிய நாளில் கூடைக்கு இருபது ரூபாய் கூட்டித் தருகின்ற சங்கம், விலை ஏறிய நாளில் நூறு ரூபாய் அதிகம் தருகின்ற வியாபாரியைக் காட்டிலும் அவருக்குப் பெரிய நன்மை செய்கிறது. முன்னதால் வருவது இரண்டாயிரம்; பின்னதால் வருவது ஆயிரம். இக்கணக்கை ஒவ்வொரு அங்கத்தினரும் தம் சொந்த எண்களை இட்டுப் போட்டுப் பார்க்குமாறு வேண்டுகிறோம்.

நெசவாளர்களுக்கு இதே தொல்லை மறுபுறமாக வந்து சேர்கிறது. பருத்தி விலை 2022ஆம் ஆண்டில் ஏறியிருந்தபோது, அதன்மீதிருந்த 11 சதவீத இறக்குமதி வரியை மத்திய அரசு ஏப்ரல் 14ஆம் தேதி முதல் தற்காலிகமாக நீக்கியது. அப்படியும் மே மாதத்தில் ஒரு கண்டி, அதாவது சுமார் 356 கிலோ பருத்தி, ஒரு லட்சம் ரூபாயைக் கடந்தது. நூல் விலை பொறுக்காமல் திருப்பூர்த் தொழில் துறையினர் அம்மாதம் 16, 17 தேதிகளில் வேலை நிறுத்தமே செய்தனர். மறு ஆண்டில் அதே பருத்தி கண்டி எழுபதாயிரத்துக்கும் கீழே வந்தது. ஆனால் சேலையின் விலையை நாள்தோறும் அழித்து எழுத முடியுமா? நூல் ஏறிய மாதத்தில் சங்கம் பாவைக் குறைக்கிறது. பாவு குறைந்தால் தறி நிற்கிறது. தறி நின்றால் கூலி இல்லை. பருத்தி விளைத்தவருக்கும் அந்த லட்ச ரூபாயில் பெரும்பங்கு சென்றதென்று எண்ண வேண்டாம். அறுவடை முடிந்து, பெரும்பாலோர் சரக்கை விற்றுவிட்ட பின்னரே விலை அந்த உயரத்தைத் தொட்டது.

பால் விஷயத்தில் கூட்டுறவின் வழி வேறு. ஆவினுக்குப் பால் ஊற்றும் சங்கங்களில் விலை அன்றாடம் ஏறி இறங்குவதில்லை. 2019 ஆகஸ்டில் பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு 28 ரூபாயிலிருந்து 32 ரூபாயாக உயர்ந்தது. 2022 நவம்பரில் 35 ரூபாயாயிற்று. இடைப்பட்ட மூன்றாண்டுகளில் பால் குறையும் கோடையில் தனியார் கூடுதலாகக் கொடுப்பதும், பால் பெருகும் காலத்தில் குறைப்பதும் நிகழ்ந்தன. 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் தேநீர்க் கடைகளும் உணவு விடுதிகளும் மூடப்பட்டபோது, தனியார் கொள்முதல் பல இடங்களில் சுருங்கிற்று. அந்தப் பாலும் சங்கங்களைத் தேடி வந்தது; சங்கங்கள் வாங்கிக்கொண்டன. எனினும், மூன்றாண்டுகள் விலை அசையாதிருந்தபோது புண்ணாக்கும் தவிடும் விலை அசையாதிருக்கவில்லை என்பதையும் நாம் மறைப்பதற்கில்லை. நிலையான விலை நல்லது; செலவு உயர்ந்த பின்னும் நெடுங்காலம் நிலையாய் நிற்பது நல்லதன்று.

நம் அலுவலை ஒட்டிய ஓர் அனுபவத்தையும் இங்கே கூற விரும்புகிறோம். ஒரு விற்பனைச் சங்கத்தின் ஏடுகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். மணிலாக்கொட்டை விலை உயர்ந்த வாரங்களில் வரவேட்டில் பக்கத்துக்கு இரண்டு மூன்று வரிகளே இருந்தன. விலை சரிந்த வாரங்களிலோ இடம் போதாமல் வரிகளுக்கிடையே எழுதியிருந்தார்கள். அருகே நின்றிருந்த முதிய அங்கத்தினர் ஒருவரிடம், "பெரியவரே, விலை ஏறினால் வெளியே, இறங்கினால் சங்கத்திற்கு என்றால் சங்கம் எப்படி ஐயா நிலைக்கும்?" என்று கேட்டோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "விலைக்காக மட்டும் போகவில்லை ஐயா. அங்கே மூட்டையை இறக்கியதும் ரொக்கம் தருகிறான். இங்கே பட்டுவாடாவுக்கு மூன்று வாரம் ஆகிறது. பெண்ணுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட நாள் வந்துவிட்டதே!" என்றார்.

நாம் அவருக்கு உபதேசம் செய்யச் சென்றோம். அவரோ நமக்குக் கணக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அங்கத்தினரின் விசுவாசத்தைப் பற்றி மேடைகளில் முழங்குவது எளிது. பணம் கேட்கும் நாளில் பணம் தராத சங்கம் விசுவாசத்தைக் கேட்க உரிமையற்றது. ஆகவே நம் கருத்தை இரு சாராருக்கும் பங்கிட்டே சொல்ல விரும்புகிறோம்.

சங்க நிர்வாகிகளுக்கு மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, ஒவ்வொரு நாள் காலையிலும் சங்க வாயிலில் ஒரு விலைப் பலகை இருக்க வேண்டும். அருகிலுள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் விலை, கோயம்பேடு போன்ற பெருஞ்சந்தையின் விலை, சங்கம் தரும் விலை ஆகிய மூன்றையும் மறைக்காமல் எழுதுங்கள். இன்று கைப்பேசியில் விலை தெரிகிறதே, பலகை எதற்கு என்று கேட்கலாம். கைப்பேசி சந்தை விலையைக் காட்டும். ஏற்றுக்கூலி, லாரி வாடகை, தரகு, எடைக்கழிவு போக மிஞ்சுவதைக் காட்டாது. அந்த மிச்சத்தைச் சங்கத்து எழுத்தர் எழுதலாம். இரண்டாவது, சரக்கு வந்த அன்றே மதிப்பில் ஒரு பகுதியையேனும் பட்டுவாடா செய்ய வழி காணுங்கள். மத்தியக் கூட்டுறவு வங்கிகள் இருப்பது இதற்கும்தான். மூன்றாவது, விலை நன்றாயிருந்த மாதங்களில் ஒரு சிறு பகுதியைத் தனியே ஒதுக்கி, விலை சரிந்த மாதங்களில் அங்கத்தினர்களுக்குக் கூட்டித் தரும் நிதி ஒன்றை ஏற்படுத்துங்கள். பொதுப்பேரவையில் வெளிப்படையாகத் தீர்மானித்துச் செய்தால் அங்கத்தினர்கள் மறுக்கமாட்டார்கள் என்று நம்புகிறோம்.

அங்கத்தினர்களுக்கு வேண்டுகோள் ஒன்றே. ஒரு நாள் விலையைக் கொண்டு சங்கத்தை எடை போடாதீர்கள். ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் ஓராண்டு முழுவதும் விற்ற நாள், எடை, கைக்கு வந்த தொகை ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். ஆண்டு முடிவில் சங்கத்தின் வழி வந்ததையும் வெளியே விற்று வந்ததையும் கூட்டிப் பாருங்கள். சங்கம் தோற்றிருந்தால் அந்நோட்டுடன் பொதுப்பேரவைக்கு வந்து கேள்வி கேளுங்கள். அது உங்கள் உரிமை. சங்கம் வென்றிருந்தால், அடுத்த முறை விலை ஏறிய நாளிலும் உங்கள் சரக்கில் ஒரு பகுதியேனும் சங்கத்துக்கு வரட்டும். ஏறிய நாளில் நாம் கொணரும் சரக்கே, இறங்கிய நாளில் சங்கம் நமக்குத் தரக்கூடிய பலம். அதை வேறு எங்கிருந்தும் சங்கம் ஈட்ட முடியாது.

ஆர்யகவுடா சாலையில் இன்று மாலையும் யாரோ ஒருவர் ஓர் எண்ணை அழித்து வேறோர் எண்ணை எழுதிக்கொண்டிருப்பார். அந்த எண்ணை நாம் நிர்ணயிக்க இயலாது. ஆண்டு முடிவில் நம் நோட்டுப் புத்தகத்தில் வந்து நிற்கும் எண்ணை நிர்ணயிப்பது, ஓரளவேனும், நம் கையில் இருக்கிறது.